மேசைமேல் ஒரு நிமிடம்

வில்லோ குடா அமர்வு ஒழுங்கு வாரியத்தில் ஆறு வருடம் குறிப்பெழுத்தராக இருந்தவன் நான். அந்த ஆறு வருடத்தில் அங்கே யாரும் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியது கிடையாது. பிறகு ஒரே மாதத்தில் இருபத்தாறாயிரம் முறைக்குமேல் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்தார்கள். இரண்டையும் நான்தான் குறிப்பேட்டில் எழுதினேன். எது நல்ல காலம் என்று கேட்டால் சத்தியமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வில்லோ குடாவை வரைபடத்தில் தேடவேண்டாம். அது அக்கரை என்கிற கணினி உலகத்தில் இருக்கிறது. நான் இருப்பது அமெரிக்காவில் ஈரி என்கிற ஊரில், பள்ளிப் பேருந்துப் பணிமனையில் வண்டிகளை நேரத்துக்கு அனுப்புகிற வேலை. மாலை வீட்டுக்கு வந்து, முந்தின நாள் மக்ரோனியைச் சூடாக்கிக்கொண்டு கணினியைத் திறந்தால், அக்கரையில் எனக்குத் தலை நிறைய முடி உண்டு, முழங்கால் வலி கிடையாது. அங்கே வருகிற எல்லாருக்கும் இப்படி ஏதோ ஒரு கணக்கு இருக்கும். யாரும் கேட்பதில்லை.

அந்த உலகத்தில் மனிதருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலிக்குத்தான் தெரியும். திரையில் நமக்குப் பதிலாக நடமாடுகிற அவதாரம் போய் நாற்காலியைத் தொட்டால், அப்புறம் நடப்பதெல்லாம் நாற்காலியின் பொறுப்பு. முதுகு எங்கே சாயவேண்டும், இருபது வினாடி கழித்து எந்தக் காலை எந்தக் கால்மேல் போடவேண்டும், எப்போது காப்பிக் கோப்பையைத் தூக்கவேண்டும் என்று அத்தனை அசைவையும் வரிசையாக ஒரு சீட்டில் எழுதி நாற்காலியின் வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள். ஒரு விரற்கடை தப்பினால் உட்காருகிறவர் பாதி மரத்துக்குள் புதைந்துவிடுவார், இல்லையென்றால் காற்றில் தொங்குவார். சும்மா உட்காருவதற்கு இவ்வளவு வேலை.

இந்த வேலையில் ஐலா கோஸ்கியை அடிக்க ஆளில்லை. டுலூத்தில் பல் மருத்துவச் சாமான் கிடங்கில் பகல் முழுக்கப் பெட்டி அடுக்குகிறவள். சாயங்காலம் அக்கரையில் சோபா, ஊஞ்சல், சாராயக்கடை மேசை என்று செய்து வைப்பாள். அதிகம் பேசமாட்டாள், யார் வம்புக்கும் போகமாட்டாள். அவள் தனக்கென்று செய்துகொண்டது ஒரே ஒரு பெஞ்சு. அது குடாவைப் பார்த்தபடி, வாரியக் கட்டடத்தின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. அதுதான் வினை.

அந்தப் பெஞ்சில் தினமும் ஆறரைக்கு அவளும் அவள் புருஷன் எமெட்டும் வந்து உட்காருவார்கள். எமெட் இரும்புத்தாதுக் கப்பல்துறையில் வேலை பார்த்தவன். சரக்கறை மூடி ஒன்று அவன் கழுத்தில் விழுந்ததிலிருந்து கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. மோவாயால் ஒரு குச்சியைத் தள்ளித்தான் அக்கரையில் நடப்பான். பெஞ்சில் உட்கார்ந்த நாலாவது நிமிடம் அவன் வலது கை மெதுவாக எழும்பும். ஐலாவின் முதுகைச் சுற்றிப் போய் இடது தோள்மேல் அமரும். கட்டைவிரல் ஒருமுறை அசையும். அவ்வளவுதான். அந்தக் கை தோளுக்குள் புதையாமல், தோளுக்குமேல் மிதக்காமல், சரியாகத் தோளில் படுவதற்கு ஐலா ஒரு குளிர்காலம் முழுக்க எண்களை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறாள்.

பொது இடத்தில் யார் எப்படி உட்காரவேண்டும் என்று விதிப்பதுதான் வாரியத்தின் வேலை. அதன் விதி இருபத்திரண்டு சொல்கிறது: பொது இடத்து இருக்கையில் இருவர் அமர்ந்தால் இடையே ஒரு கையளவு காற்று இருக்கவேண்டும்.

இந்த விதியை எழுதியவர் தலைவர் தாடியஸ் பிரிம்லி. டொலீடோவில் மூன்று வாகன நிறுத்தங்களுக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே கோடு போட்டே பழகிய கை. அவர் ஒருநாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார், அளவுகோலோடு இறங்கினார். எமெட்டின் கைக்கும் ஐலாவின் தோளுக்கும் இடையே காற்று பூஜ்யம் என்று என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஐலா விதிவிலக்கு கேட்டு மனுப் போட்டாள். தலைவர் அவளைக் கூப்பிட்டு, வாரியத்துக்குக் கண்ணியமான ஒரு மேசை செய்துகொடுத்தால் மனு அனுதாபத்தோடு பார்க்கப்படும் என்றார். ஐந்து இருக்கை. உறுப்பினர்கள் நிமிர்ந்து உட்காரவேண்டும், கை கோத்து யோசிக்கவேண்டும், நாற்பது வினாடிக்கு ஒருமுறை ஆழமாகத் தலையாட்டவேண்டும். அவளும் சரி என்றாள். பத்து நாளில் முடிக்கவேண்டும் என்பதால், கௌபாய் படங்களில் வருகிற மேற்கத்தியப் பாணி ஊர் ஒன்றுக்கு முன்பு செய்த சாராயக்கடை மேசை ஒன்றைப் பிரதி எடுத்து, மேலே மெருகு போட்டு, ஓரங்களை வளைத்து, உள்ளே புதிய அசைவுகளைப் போட்டாள். பழைய அசைவுகளையும் பாட்டிலையும் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இங்கேதான் தொழிலின் ஒரு சனியன் இருக்கிறது. மேசைக்குள் இருக்கும் இயந்திரம் குறிப்பிட்ட ஒரு பெயர் போட்ட சீட்டைத்தான் படிக்கும். அதனால் தட்டுமுட்டுச் சாமான் செய்கிற எல்லாருடைய பையிலும் எல்லாச் சீட்டுக்கும் ஒரே பெயர்தான். ஐலாவின் பையில் அப்படி இருநூற்றுப் பதினேழு சீட்டுகள் இருந்தன. எது சாய்வு நாற்காலி, எது தொட்டில், எது சாராயக்கடைக் கைகலப்பு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். அன்று கிடங்கில் இரட்டை முறை வேலை பார்த்துவிட்டு வந்தவள் திறந்து பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு ஐம்பத்தைந்துக்கு நான் அடுத்த அமர்வின் நிகழ்ச்சி நிரலை வழக்கம்போல் பலகையில் ஒட்டினேன். முதல் விஷயம்: கோஸ்கி பெஞ்சை நீக்குதல். ஐலா வாசலில் நின்று அதைப் படித்தாள். அனுதாபத்தோடு பார்த்தாயிற்று என்று தலைவர் அவளிடம் சொன்னார். ஏழு மணிக்கு ஐந்து உறுப்பினர்களும் புது மேசையில் உட்கார்ந்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். அவர் அவதாரத்தின் வலது கை காதுக்கு மேலே எழும்பியது. பக்கத்தில் இருந்த லைல் ஸ்டோக்ஸின் மூக்கில் இறங்கியது. லைல் ஃபோர்ட் வெய்னில் தண்ணீர் வடிகட்டி விற்கிறவர், பரம சாது. அவர் பின்னால் சாய்ந்து, மேசைக்கடியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, ஹோர்டென்ஸ் அம்மையாரின் உச்சந்தலையில் உடைத்தார். கிராண்ட் ராப்பிட்ஸில் நாற்பது வருடம் பியானோ சொல்லிக்கொடுத்த அந்த அம்மாள் நான்காம் உறுப்பினரின் முடியைக் கொத்தாகப் பிடித்து, நெற்றியை மேசையில் மூன்று முறை மோதினார். நான்காமவர் ஐந்தாமவரின் விலாவில் முழங்கையை ஏற்றினார். ஐந்தாமவர் மேசைமேல் பாய்ந்து தலைவரின் குரல்வளையைப் பிடித்து நெரித்தார். பிறகு ஐந்து பேரும் குப்புற மேசைமேல் விழுந்தார்கள். இரண்டு வினாடி கிடந்தார்கள். எழுந்தார்கள். தலைவரின் கை மறுபடி காதுக்கு மேலே போனது.

ரத்தம் அசலாகத் தெறித்தது. ஐலா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள்.

"ஐயோ, சீட்டு மாறிப்போச்சு" என்றாள் அவள் என்னிடம். "ஆர்லோ, அவங்கள ஒரு நிமிஷம் எந்திரிக்கச் சொல்லுங்க. நான் மாத்திடறேன்."

எழுந்திருப்பதா. விதி பதினான்கின்படி, அமர்வு முடியுமுன் இருக்கையைவிட்டு எழுகிற உறுப்பினர் பதவி விலகியவர் ஆவார். கணினியை அணைத்தாலும் அப்படியே. ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அதாவது அடி விழாத இடைவெளியில். ஒருவரும் அசையவில்லை.

சரி, உட்கார்ந்தபடியே இருங்கள், நான் சீட்டை மட்டும் எடுக்கிறேன் என்றாள். திரையில் குரல்வளை நெரிபட்டுக்கொண்டிருந்த தலைவர் தன் வீட்டு மைக்கில் நிதானமாகச் சொன்னார்:

"விதி ஒன்பது. அமர்வு நடக்கும்போது உறுப்பினர் அல்லாதவங்க மேசையத் தொடக்கூடாதும்மா. மனு எழுதிக் குடுங்க. அடுத்த அமர்வுல எடுத்துக்கறோம்."

அவள் மனு எழுதிக்கொடுத்தாள். அடுத்த அமர்வின் இரண்டாவது விஷயமாக அதைச் சேர்த்தேன்.

அப்படியானால் அமர்வை முடித்துவிடலாமே என்றார் லைல். விதி பதினேழை எடுத்துப் பார்த்தோம். எல்லா உறுப்பினர்களின் இரு கைகளும் ஒரு முழு நிமிடம் மேசைமேல் அமைதியாக இருந்தபின், குறிப்பெழுத்தர் கடிகாரத்தைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் தலைவர் அமர்வை முடிக்கலாம். கைகள் மேசைமேல் இருந்தது இரண்டு வினாடி. நான் கடிகாரத்தைப் பார்த்து, இல்லை என்றேன்.

இப்படித்தான் அந்த அமர்வு தொடங்கியது.

அரை மணி நேரம் ஒரு விசையையும் தட்டாமல் இருந்தால் அக்கரை நம்மை வெளியே தள்ளிவிடும். அதனால் தலைவர் விசைப்பலகைமேல் உப்பு டப்பாவைச் சாய்த்து வைத்துவிட்டுத் தூங்கினார். லைலின் வீட்டில் மனைவியும் அவருமாக முறை போட்டுத் தட்டினார்கள். ஹோர்டென்ஸ் அம்மையார் தூங்கவே இல்லை.

வேலை மட்டும் என்றுமில்லாத வேகத்தில் நடந்தது. காதுக்குமேல் உயர்ந்த கை வாக்கு என்பது விதி. இப்போது எல்லாருடைய கையும் ஓங்குவதற்காக நாற்பது வினாடிக்கு ஒருமுறை காதுக்குமேல் உயர்ந்தது. யார் எதைச் சொன்னாலும் ஐந்துக்கு ஐந்து. இரண்டாம் நாள் லைலின் மனைவி சமையலறையிலிருந்து பால் தீர்ந்துவிட்டது என்று கத்தினாள். பால் வாங்கவேண்டும் என்று வாரியம் ஒருமனதாகத் தீர்மானித்ததை நான் குறிப்பேட்டில் ஏற்றினேன். பெஞ்சை மட்டும் அப்படித் தீர்க்க முடியவில்லை. ஒருவர் பொருளை நீக்குவது முன்கூட்டியே பலகையில் ஒட்டிய அமர்வில்தான் நடக்கலாம். ஒட்டியிருந்தது அடுத்த அமர்வுக்கு. இது முடிந்தால்தான் அது.

மூன்றாம் நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவர் அவர்களுக்கு ஓர் உரை ஆற்றினார். அடி வாங்கும் இடங்களில் மட்டும் கொஞ்சம் நிறுத்திக்கொண்டார்.

"வெளியில வன்முறைங்கறாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். இதுக்கு முன்னால இந்த வாரியத்துல இவ்வளவு ஒத்துழைப்பு இருந்துதா? ஒருத்தர் அடிக்கறாரு, அடுத்தவரு வாங்கிக்கறாரு, அவரு அதுக்கடுத்தவருக்குக் குடுக்கறாரு. ஒரு வினாடி முன்னப்பின்ன கிடையாது. ஆறு வருஷமா இதைத்தான் நாங்க வாயால பண்ணிட்டிருந்தோம், யாருக்கும் புரியல. இப்பப் பாருங்க, உக்கார இடமில்லாம கூட்டம்."

கைதட்டினார்கள். ஹோர்டென்ஸ் அம்மையாரும் இரண்டு வார்த்தை சொல்ல விரும்பினார். நாற்பது வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்க தப்புத் தப்பா வாசிச்சதைக் கேட்டுக்கிட்டுச் சிரிச்ச முகமா இருந்தேன், இப்பத்தான் மனசுக்கு நிம்மதியா இருக்கு என்றார். பாட்டில் தலையில் உடைகிறதே என்று ஒருவர் கேட்டதற்கு, அது என் முறை வரப்போகுதுங்கற அறிகுறிதானே என்றார். சொல்லிவிட்டு நான்காம் உறுப்பினரின் நெற்றியை மோதினார்.

அன்றே "ஊக்க அமர்வு" என்ற ஆணை ஐந்துக்கு ஐந்தில் நிறைவேறியது. வில்லோ குடாவின் எல்லாப் பொது இருக்கைகளிலும் வாரியத்தின் அசைவு வரிசையே இருக்கவேண்டும். ஐலா சீட்டைக் கொடுக்க மறுத்தாள். மேற்கத்திய ஊருக்குப் போய்ப் பிரதி வாங்கி வந்தார்கள். நூலகத்தில் வாசகர்கள் ஒருவர் பல்லை ஒருவர் உதிர்த்தார்கள், அமைதியாக. சனிக்கிழமை தேவாலயத்தில் ஒரு கல்யாணம். மணப்பெண் நடந்து வந்தபோது இரண்டு பக்கமும் எட்டெட்டு வரிசை உறவினர்கள் ஒரே தாளத்தில் பாட்டில் உடைத்தார்கள். போதகர் உடன்படிக்கை வாசித்தபோது முதல் வரிசையில் மாமியார் கழுத்து நெரிபட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கோஸ்கி பெஞ்சை மட்டும் யாரும் தொடவில்லை. நீக்கத் தீர்மானம் நிலுவையில் உள்ள பொருளை மாற்றக்கூடாது என்று விதி இருந்தது.

ஏழாம் நாள் லைலுக்குப் பொறுமை போயிற்று. அதுவரை அவர் மூக்கில் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் குத்து விழுந்திருந்தது. வலிக்காதுதான். ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்திருக்கிறார். கணினியை முன்சீட்டில் வைத்து, கைப்பேசி வழியாக இணைப்பை அறாமல் பிடித்துக்கொண்டு, ஃபோர்ட் வெய்னிலிருந்து டொலீடோவுக்கு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டிப் போனார். தலைவர் காலையில் பான்கேக் தின்னுகிற கடை அவருக்குத் தெரியும்.

கடை வாசலில் வண்டி நிறுத்துகிற இடத்தில் இருவரும் சந்தித்தார்கள். யார் முதலில் கை வைத்தது என்பதில் காவல்துறைக்குச் சந்தேகம் இருந்தது. எனக்கு இல்லை. வரிசைப்படி தலைவர்தான் முதலில். வெறும் பழக்கதோஷம், லைலைக் கண்டதும் கை தானாக எழும்பிவிட்டது என்று பிறகு சொன்னார். லைலின் மூக்கெலும்பு முறிந்த சத்தம் கடைக்குள் கேட்டதாம். லைல் பின்னால் சாய்ந்தார், கடை வாசல் மேசையிலிருந்து மேப்பிள் பாகுப் புட்டியை எடுத்தார். வரிசைப்படி அது ஹோர்டென்ஸ் அம்மையாருக்கு உரியது. அவர் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்ததால் தலைவர் தலையில் இறங்கியது. புட்டி உடையவில்லை, தலை உடைந்தது. தலைவர் லைலின் காதைக் கடித்தார். லைல் அவர் முகத்தை ஒரு காரின் முகப்பில் மோதினார், மூன்று முறை, எண்ணி. பாகும் ரத்தமும் கலந்து இருவர் சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டதால் பிரிக்கவந்த பணியாளருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

கைவிலங்கோடு காவல் வண்டியில் ஏற்றியபோது இருவரும் ஒரே கோரிக்கைதான் வைத்தார்கள். கணினியைப் பக்கத்தில் வைக்கவேண்டும், அரை மணிக்கு ஒருமுறை ஒரு விசையைத் தட்டவிடவேண்டும். லைல் மூக்கால் தட்டினார், உடைந்த மூக்கால். எழுந்துவிடவில்லை இரண்டு பேரும். அன்று மாலை வாரியம், மேற்படி சம்பவம் அங்கீகரிக்கப்பட்ட வரிசையைப் பெரும்பாலும் பின்பற்றி நடந்ததால் ஒழுங்கீனம் ஆகாது என்று தீர்மானித்தது. ஐந்துக்கு ஐந்து.

அதற்கு மறுநாள் செவ்வாய். செவ்வாய்க்கிழமை காலையில் வில்லோ குடாவை, எங்கள் பேச்சில் நிலத்தை, விளக்கைப்போல ஒருமுறை அணைத்து மறுபடி ஏற்றுவது என் வேலை. வாரத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்யாவிட்டால் நிலம் திணற ஆரம்பித்துவிடும், எல்லா அசைவும் இழுக்கும். ஆனால் அணைத்தால் உள்ளே இருக்கிற எல்லாரும் வெளியே விழுவார்கள். இருக்கையில் இருப்பவர்களும்தான். தலைவர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு எழுத்துப்பூர்வமாக ஆணை அனுப்பினார்: அமர்வு முடியும்வரை அணைக்கக்கூடாது. நான் அணைக்கவில்லை.

திணறல் ஆரம்பித்தது. இரண்டாம் வாரம் நாற்பது வினாடிச் சண்டைக்கு எண்பது வினாடி ஆயிற்று. மூன்றாம் வாரம் ஒரு குத்து தலைவரின் காதிலிருந்து லைலின் மூக்குக்கு வந்துசேர ஒரு நிமிடம் எடுத்தது. அது கிளம்புவதை லைல் பார்ப்பார். வருவதைப் பார்ப்பார். மூக்கில் படுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அது ஒரு நொடி நின்று யோசிக்கும். வேகமாகக் குத்தித் தொலைங்களேன் என்று அவர் அழுததை நான் கேட்டேன். உண்மையில் அழுதார். கழுத்து நெரிபடும்போது தலைவரின் கண்கள் ஒவ்வொன்றாகப் பிதுங்கின.

இருபத்து நான்காம் நாள் தலைவர் ஐலாவைக் கூப்பிட்டனுப்பினார். நிஜ உடம்பில் மூக்கில் கட்டு, தலையில் பதினொரு தையல், குரல் மட்டும் பழைய குரல். சீட்டை மாற்றி, கைகள் மேசைமேல் ஒரு நிமிடம் இருக்கும்படி செய்துவிடு என்றார்.

"செஞ்சா அமர்வு முடிஞ்சிரும் இல்லையா" என்று கேட்டாள் ஐலா.

"உடனே முடிஞ்சிரும். அடுத்த நிமிஷமே அடுத்த அமர்வு. முதல் விஷயம் உங்க பெஞ்சு. நான் பொய் சொல்லமாட்டேம்மா, விதி விதிதான்."

ஐலா மேசையைப் பார்த்தாள். நான்காம் உறுப்பினரின் நெற்றி மிக மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உறுப்பினர் அல்லாதவங்க மேசையத் தொடக்கூடாதே, தலைவரே" என்றாள். "நீங்கதான சொன்னீங்க."

விதியை அமர்வின் தொடக்கத்தில்தான் திருத்தலாம். தலைவருக்கு அது நன்றாகத் தெரியும், அவர் எழுதியதுதான். அவர் கோபப்படவில்லை. மேசையைக் காட்டி என்னிடம் கேட்டார், நாங்கள் விழுந்து கிடக்கிறோமே, எவ்வளவு நேரம் என்று. பார்த்துச் சொன்னேன், இருபத்தைந்து வினாடி. முதல் நாள் இரண்டாக இருந்தது. எல்லாம் இழுத்தபோது அதுவும் இழுத்திருந்தது.

"கைய நாங்க வச்சாத்தான் வச்சதா? விழுந்தாலும் வச்சதுதான்" என்றார் தலைவர். "ரெண்டு கையும் மேசைமேல இருக்கா, இருக்கு. அமைதியா இருக்கா, இருக்கு. அறுபது ஆகட்டும். நீ கடிகாரத்தப் பாத்துக்கிட்டே இரு. நிலத்த அணைச்சே, தெரியும்."

அதற்கப்புறம் நான் எண்ணியதெல்லாம் அந்த ஒரு எண்தான். முப்பத்தொன்று. முப்பத்தெட்டு. நாற்பத்து நான்கு. பணிமனையில் பேருந்துகள் வெளியே போகும்போதும் எண்ணிக்கொண்டிருந்தேன். இந்த ஆள் சொன்னதையெல்லாம் ஆறு வருடம் எழுதினேனே என்று என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. காற்று பூஜ்யம் என்று எழுதினதும் இந்தக் கைதான்.

முப்பதாம் நாள் சாயங்காலம் பெஞ்சுக்குப் போனேன். எமெட்டும் ஐலாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன். கை எழும்ப ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியும் இன்னும் தோளுக்கு வரவில்லை, பாதி வழியில் இருந்தது. திணறல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"எத்தனையாம்?" என்று எமெட் கேட்டான். அவன் மூச்சை இழுத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுவான்.

"அம்பத்தி மூணு. நாளைக்கு ஆயிரும்" என்றேன்.

"அப்ப இன்னைக்கு இருக்கு."

கை வந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தோளில் பட்டபோது எமெட் சொன்னான்:

"பெஞ்சு போனா போவுது ஆர்லோ, பெஞ்சு இவ இன்னொண்ணு செய்வா. அதையும் அளப்பாங்க. எனக்குக் கைன்னு ஒண்ணு இருக்கறது இங்க மட்டும்தான்."

நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது என்று ஈரியின் வானிலையைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. எட்டு மணிக்கு வாரிய அறை நிரம்பியிருந்தது. தலைவர் அடுத்த அமர்வின் தாளைத் தயாராகக் கையில் கேட்டார், கொடுத்தேன். கடைசிச் சுற்று ஆரம்பித்தது. மூக்கு, பாட்டில், முடி, விலா, குரல்வளை. இருபது நிமிடம் அடித்துக்கொண்டார்கள். ஹோர்டென்ஸ் அம்மையார் நான்காம் உறுப்பினரை மூன்றாம் முறை மோதிவிட்டு, இதுதான் கடைசியா என்று வருத்தமாகக் கேட்டார். பிறகு ஐந்து பேரும் குப்புற விழுந்தார்கள். பத்துக் கைகளும் மேசைமேல் பரந்து கிடந்தன. ரத்தம் ஒழுங்காக மேசையின் வளைந்த ஓரத்தில் வடிந்தது.

கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து. இருபது. முப்பத்தைந்து. மேசையில் முகம் புதைந்தபடியே தலைவர், "எண்ணிக்கிட்டே வா" என்றார். நாற்பத்தொன்பது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எமெட்டின் கை பெஞ்சுக்குப் பின்னால் கிளம்பியிருந்தது. ஐம்பத்தைந்து. கைகள் அசையவில்லை, இந்தத் தடவை அசையப் போவதுமில்லை. ஐம்பத்தெட்டில் நிலத்தை அணைத்தேன்.

எல்லாம் கறுப்பாகிவிட்டது.

ஏழு நிமிடம் கழித்து வில்லோ குடா மறுபடி எழும்பியது. மேசை காலியாக இருந்தது. தலைவர் ஆஸ்பத்திரிக் கட்டோடு என் வீட்டுக்கு ஃபோன் பண்ணினார். நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் சார்" என்றேன். "விதி பதினாலு. உங்க அஞ்சு பேர் ராஜினாமாவையும் எழுதிட்டேன்."

விதிகளை எழுதியவர் அல்லவா, அவருக்கு மூன்றாம் விதி ஞாபகம் வந்துவிட்டது. உறுப்பினர்கள் ஒருவரும் இல்லாத நிலையில் குறிப்பெழுத்தரே தலைவர். புதுத் தேர்தல் அறிவிப்பது, பலகையில் ஒட்டியதை நிறைவேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் விஷயம் கோஸ்கி பெஞ்சு.

"ஒட்டினத மாத்தமுடியாது" என்றார் தலைவர். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. "நீ உக்காந்தே ஆகணும். தலைவர் இருக்கையில அமர்ந்ததும் அமர்வு தொடங்கும். விதி ஒண்ணு."

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. பணிமனையிலிருந்து வந்ததும், மக்ரோனியைச் சூடாக்கிக்கொண்டு, ஆறே காலுக்கெல்லாம் வாரிய அறைக்குப் போய்விடுவேன். செவ்வாய் தவறாமல் நிலத்தை அணைத்து ஏற்றுகிறேன். அசைவெல்லாம் சுத்தமாக ஓடுகிறது. ஆறரைக்கு அவர்கள் வந்து உட்காருவார்கள். சரியாக நாலாவது நிமிடம் கை எழும்பும், தோளில் படும், கட்டைவிரல் ஒருமுறை அசையும். தலைவர் இருக்கை எனக்கு வலப்பக்கம், மெத்தை போட்டது, மெருகு மங்காமல் இருக்கிறது. நான் ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கிறேன். இன்னும் உட்காரவில்லை.